பத்து சென்டிமீட்டர்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. மழை வெள்ளிக்கிழமை பிடித்ததா, சனிக்கிழமையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தலைமையாசிரியர் அந்த அறைக்குள் தனியாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அன்று அங்கே நின்றவர்களில் ஒருவர் சொன்னார். அதெல்லாம் கிடையாது, பத்து நிமிடம்தான் என்றார் இன்னொருவர். பயந்துபோய் நின்றவர்கள் சொல்லும் நேரக் கணக்கை எவ்வளவு தூரம் நம்புவது? எண்களை மட்டும் நான் தொடவில்லை. அவை எழுதிவைக்கப்பட்டிருந்தன. ஆனால் எழுதிவைத்ததில்தான் பொய் இருந்தது.

மூன்றாம் வகுப்பு டீச்சர் அந்தப் பள்ளிக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஒப்பந்த வேலை. ஆண்டு முடிவில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஆண்டும் உண்டு, இல்லையென்றால் இல்லை. அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். வகுப்பில் மட்டும் அவளுக்குக் குரல் வரும் என்று அண்ணி கேலி செய்வதுண்டு.

கணக்குப் புத்தகத்தில் அவளுக்குப் பிடித்த பாடம் தரவு. சேகரி, வரை, என்ன தெரிகிறது சொல் என்று மூன்று படி. மற்றப் பாடங்களில் விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும். இதில் விடையைப் பிள்ளைகளே போய் எடுத்துக்கொண்டு வரவேண்டும். முதலில் முப்பத்து நான்கு பிள்ளைகளும் ஒருவர் காலை ஒருவர் அளந்தார்கள். அறை முழுக்கத் தவழல், சிரிப்பு, கூச்சம். அந்த வகுப்பில் ஒருவன் இருந்தான். வாய் ஓயவே ஓயாது, அதனால் ரேடியோ என்று பெயர். அவன் தன் காலையே மூன்று தடவை அளந்து மூன்று எண் சொன்னான்.

"என் கால் வளருது டீச்சர். வீட்டுக்குப் போறதுக்குள்ள செருப்புப் பத்தாது."

"கால் வளரலடா, உன் கை ஆடுது. யார் அளந்தாலும் கொஞ்சம் முன்னப்பின்ன வரும். அது தப்பில்ல."

அவள் அப்படிச் சொன்னாள். தன் வாயால் சொன்னாள்.

அடுத்தது கோட்டு வரைபடம். வாராவாரம் அளந்து, புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்ப்பது. புத்தகத்தில் அவரைச் செடி போட்டிருந்தது. டப்பாவில் விதை போட்டார்கள். மூன்றாம் நாள் எலி எல்லாவற்றையும் தின்றுவிட்டது. வேறு என்ன அளக்கலாம் என்று அவள் கேட்டாள். முதல் பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணின் கை. வகுப்பிலேயே சிறிய உருவம், பேசினால் பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்காது.

"அந்த விரிசல் டீச்சர்."

விரிசல் முதல் பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. தரையில் தொடங்கி ஜன்னல் உயரம் வரை, பென்சில் முனை மட்டும் போகிற அளவுக்கு மெல்லிய கோடு. உள்ளே ஏதோ இருக்கிறது என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். சுண்டெலி நாளுக்கு நாள் சுவரிலிருந்து நகர்ந்து நகர்ந்து பக்கத்துப் பெண்ணின் மடியில் பாதி உட்கார்ந்திருந்தாள்.

"பயமா இருக்கா?" என்று டீச்சர் கேட்டாள்.

சுண்டெலி தலையாட்டினாள்.

"பயமா இருந்தா அளந்துடணும். அளந்துட்டா அது என்ன பண்ணுதுன்னு நமக்குத் தெரிஞ்சுடும்."

விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தாள். இரண்டுக்கும் இடையே சரியாகப் பத்து சென்டிமீட்டர். விரிசல் அகலமானால் இந்தத் தூரம் கூடும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் பீரியடில் இரண்டு பேர் அளந்து குறிப்பேட்டில் எழுதவேண்டும், பிறகு சுவரில் மாட்டிய கட்டத்தாளில் புள்ளி வைக்கவேண்டும். முதல் வாரம்: பத்து.

அந்த வாரமே கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். விரிசலைப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். இது பெரிதானால் கட்டடத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கு அனுப்பவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமையாசிரியருக்கு முகம் வெளுத்தது. இரண்டு ஆண்டுக்கு முன் அந்தச் சாலையைத் தாண்டும்போது இந்தப் பள்ளிப் பெண் ஒருத்தி லாரியில் அடிபட்டு இறந்திருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். அதற்குப் பிறகு அந்தச் சாலையின் பெயரைக்கூட அவர் சொல்வதில்லை.

மறுநாள் ஆட்களை வைத்து நூலகத்து இரும்பு பீரோவை நகர்த்தி விரிசலுக்கு முன்னால் நிறுத்தினார்.

"கண்ல படலேன்னா பசங்க பயப்பட மாட்டாங்க டீச்சர்."

"நாங்க வாராவாரம் அளக்கிறோமே சார்."

"அளங்க. நல்லா அளங்க. எனக்கும் ஒரு காகிதம் வேணும், ஆபீஸுக்கு அனுப்ப."

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. பிள்ளைகள் பக்கவாட்டில் நுழைந்துவிடுவார்கள். டீச்சரால் முடியாது. அன்றிலிருந்து அந்தப் புள்ளிகளை அவள் பார்க்கவில்லை.

இரண்டாம் திங்கள் ரேடியோவின் முறை. உள்ளே போய் வந்து குறிப்பேட்டை நீட்டினான்.

"பத்து, அதுக்கு மேல ஒரு சின்னக் கோடு டீச்சர்."

மற்ற முப்பத்து மூன்று பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அன்று தலைவலி. ரேடியோ கொண்டுவந்த எந்த எண் சரியாக இருந்திருக்கிறது?

"சுவரு என்ன சுரைக்கொடியா, ஒரு வாரத்துல வளர? விளையாடாம வெச்சுப் பாரு, போ." சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவால் அந்த எண்ணின்மேல் பெருக்கல் குறி போட்டாள்.

இந்தத் தடவை அவன் உள்ளே கொஞ்ச நேரம் இருந்தான். வந்தான். "பத்து டீச்சர்."

அவள் சரி போட்டாள். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள்.

அதற்குப் பிறகு தகராறே வரவில்லை. வாரத்துக்கு இரண்டு பேர், வாரத்துக்கு ஒரு பத்து, ஒரு நட்சத்திரம். கட்டத்தாளில் கோடு மேசை விளிம்புபோல நேராகப் போனது. தலைமையாசிரியர் காலை வணக்கம் முடிந்ததும் மூன்றாம் வகுப்புக்கு வந்து அதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

"இந்தப் பள்ளிக்கூடத்துலயே ஒழுக்கமான ஆளு இந்தச் சுவருதான்" என்பார். "என்னையும் சேர்த்துச் சொல்றேன்."

ஆறாம் வாரம் அந்த வரைபடத்தை நகல் எடுத்து, மாணவர்களே அறிவியல் முறைப்படி திரட்டிய சான்று என்று கடிதம் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினார். கண்காணிப்பு தொடரட்டும், இப்போதைக்கு மூடவேண்டாம் என்று பதில் வந்தது. அன்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் அவர் செலவில் தேநீர். ஒன்பதாம் வாரம் முடிந்ததும் பெரிய தாளில் அழகாக ஒரு பிரதி வரைந்து தரச்சொன்னார். ஒப்பந்தத்தைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னார்.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடாத மழை. ஞாயிறு மாலை டீச்சர் கூடத்துத் தரையில் தாளை விரித்து வரைந்துகொண்டிருந்தாள். அண்ணி வேலை முடிந்து வந்து ஈரப் புடவையோடு எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஆயா. பேச்சில் எதற்கும் தயங்காதவள்.

"என்னம்மா இது, இவ்வளவு நேரா போகுது?"

"சுவரு அண்ணி. ஒன்பது வாரமா அசையல. பசங்க அளந்தது."

"எங்க வார்டுல மெஷின்ல கோடு இப்படி நேரா போச்சுன்னா, துணியப் போட்டு மூடிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிடுவோம்."

"சும்மா இருங்க அண்ணி."

"நிஜமாத்தான். உசிரோட இருக்கிறது எதுவும் நேரா போகாது. குட்டிப் பசங்க கையில ஸ்கேலக் குடுத்தா எப்படித்தான் நேரா வருமோ, எனக்குத் தெரியாதும்மா. உங்க அண்ணன் ஜன்னல் திரைக்கு அளந்தாரே, ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் முழங்காலு, ஒரு பக்கம் கணுக்காலு."

அண்ணி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். டீச்சரின் கையில் பென்சில் நின்றது.

ஒன்பது வாரம். முதல் வாரம் அவள். மற்ற எட்டு வாரமும் வாரத்துக்கு இரண்டு பேர், பதினாறு பிள்ளைகள். ஒருத்தன் பூஜ்யத்திலிருந்து அளப்பான், ஒருத்தி ஸ்கேலின் விளிம்பிலிருந்து. ஒருவன் சாய்த்துப் பிடிப்பான். காலை அளந்தபோது ஒரே காலுக்கு மூன்று எண் வந்தது. சுவர் மலைபோல நின்றிருந்தாலும் இந்தக் கோடு கொஞ்சம் ஆடியிருக்கவேண்டும். பத்துக்கு ஒன்று குறைந்து, ஒன்று கூடி, நடுங்கி நடுங்கிப் போயிருக்கவேண்டும். சுவர் அசையாமல் இருக்கலாம். பிள்ளைகளின் கை அசையாமல் இருக்காது.

அப்படியென்றால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

கூரைமேல் மழை ஒரே சீராகக் கொட்டியது. அவள் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வந்து விளக்கைப் போட்டபோதுதான் இருட்டிவிட்டது தெரிந்தது. சாப்பிடக் கூப்பிட்டார்கள். பசியில்லை என்றாள்.

திங்கள் காலை மழை விட்டிருந்தது. அவள் முதல் பீரியடில் யாரையும் அளக்க அனுப்பவில்லை. வரைபடத்துக்கு முன்னால் நின்று, மூன்றாம் படி, என்ன தெரிகிறது சொல்லுங்கள் என்றாள். குரல் இயல்பாக இருக்கவேண்டும் என்று பெரும்பாடுபட்டாள்.

"சுவரு நல்லா இருக்குன்னு தெரியுது டீச்சர்" என்றது வகுப்பு.

"கோடு ஏன் நேரா இருக்கு?"

ரேடியோகூடப் பேசவில்லை. ஒரு பிள்ளை பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடியது. பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் காத்திருந்தாள். வெளியே கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம் மட்டும்.

"நாங்கதான் அப்படி வெச்சிருக்கோம்" என்றாள் சுண்டெலி.

"எப்படி?"

"புள்ளிய டீச்சர். பத்து வரலேன்னா அழிச்சிட்டு, பத்து வர்ற இடத்துல வெச்சிடுவோம்."

"யாரு சொன்னா அப்படிப் பண்ண?"

எல்லாத் தலையும் ரேடியோ பக்கம் திரும்பியது. அவன் எழுந்து நின்றான். உதடு கோணியது.

"நீங்க தப்புன்னு போட்டீங்க. நான் நாலு வாட்டி வெச்சுப் பார்த்தேன் டீச்சர், பத்து வரவே இல்ல. புள்ளிதான் தப்பான இடத்துல இருக்குதுன்னு நினைச்சேன். அப்புறம் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். நட்சத்திரம் கிடைக்கட்டும்னு."

அவளால் அவனைத் திட்ட முடியவில்லை. அவன் செய்தது என்ன? விடை தெரிந்த கணக்கில் விடை வரும்வரை அழித்து எழுதினான். மூன்று ஆண்டாகப் பள்ளிக்கூடம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தானே.

"விரிசல் எப்படி இருக்கு இப்போ?" என்று கேட்டாள். கேட்கும்போதே சுவர் பக்கம் திரும்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

சுண்டெலி தன் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள். "முன்ன பென்சில் முனைதான் போச்சு. போன வாரம் இது போச்சு டீச்சர். உள்ள காத்து வருது."

ஓடாதீர்கள் என்று சொல்லவேண்டும், ஆனால் சீக்கிரம் போகச் சொல்லவேண்டும். இரண்டையும் ஒரே குரலில் எப்படிச் சொல்வது? அவள் வெளியே ஒரு விளையாட்டு என்றாள். சத்தம் போடாமல் நடந்து மைதானத்தின் அந்தக் கோடி வேலிவரை போகிறவர்களுக்கு இரண்டு நட்சத்திரம். முதல் பெஞ்சு முதலில். சுண்டெலி பையை எடுக்கக் குனிந்தாள். "பை வேண்டாம், போ" என்றாள் டீச்சர். அந்தக் குரலைக் கேட்டுப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டில்லை என்று புரிந்துவிட்டது. சத்தமே இல்லாமல் போனார்கள். எல்லோரும் வாசலைத் தாண்டும்வரை ஒவ்வொருவராக எண்ணினாள். முப்பத்து மூன்றுதான் வந்தது. மறுபடி எண்ணினாள். ஒருத்தி அன்று வரவேயில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நான்காம் வகுப்பு ஆசிரியையிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அறைக்குள் போனாள். உறுதியாகத் தெரியாமல் தலைமையாசிரியரிடம் என்ன சொல்வது? பீரோவின் தட்டுகளிலிருந்து புத்தகங்களை வாரி வாரிக் கீழே போட்டாள். ஒவ்வொரு கட்டு விழும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவருக்குக் காது கொடுத்தாள். பீரோ காலியானதும் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். தரையைக் கீறிக்கொண்டு அது நகர்ந்தது.

விரிசலின் விளிம்பில் சுண்ணாம்பு உதிர்ந்து தரையில் மாவுபோலக் கிடந்தது. ஈரக் காற்று முகத்தில் பட்டது. கைபேசியின் விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள்.

இடப்பக்கம் ஒரே புள்ளி, அவள் வைத்தது. வலப்பக்கம் ஒரு புள்ளி, அதற்கு அப்பால் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். பிள்ளைகள் பென்சிலை அழுத்திப் பிடிப்பவர்கள். ரப்பர் கரியை அழித்தது. சுண்ணாம்பில் விழுந்த குழியை அழிக்கவில்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று ஏழு குழிகள். கடைக்கோடியில் இருந்ததுதான் அவள் முதலில் வைத்தது. ஒவ்வொரு குழியும் ஒரு திங்கட்கிழமை. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையே எவ்வளவோ, அவ்வளவுதான் அந்த வாரம் சுவர் விலகியது. பிள்ளைகள் தாளில் பொய் எழுதினார்கள். சுவரில் தங்களை அறியாமல் உண்மையை எழுதிவைத்திருந்தார்கள்.

ஸ்கேலை வைத்தாள். ஒரு மில்லிமீட்டர். ஒன்று. ஒன்று. ஒன்று. இரண்டு. இரண்டு. மூன்று. ஒரு வாரம் மட்டும் புள்ளியை நகர்த்தவில்லை போலிருக்கிறது. எந்த வாரம் என்று தெரியவில்லை. பிறகு இடப்புள்ளிக்கும் கடைசியாக வைத்த வலப்புள்ளிக்கும் இடையே அளந்தாள். போன திங்கள் பத்தாக வைத்தது இப்போது பத்து சென்டிமீட்டர் நான்கு மில்லிமீட்டர்.

ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு. மொத்தம் பதினைந்து மில்லிமீட்டர். கட்டத்தாளில் வரைந்து பார்க்கத் தேவையே இல்லை. கோடு எப்படி வளைந்து மேலே ஏறும் என்று அவள் கண்ணுக்குள் தெரிந்தது. அடுத்த புள்ளி எங்கே விழும் என்பதுதான் தெரியவில்லை. அல்லது தெரிந்தது, நினைக்கப் பயமாக இருந்தது.

பேனாவால் புதிதாக இரண்டு புள்ளி வைத்தாள், அழிக்க முடியாதபடி. சரியாகப் பத்து. மணி எட்டு ஐம்பது என்று பக்கத்தில் எழுதினாள். வெளியே வந்தபோது தலைமையாசிரியர் வராந்தாவில் நின்றிருந்தார்.

"வகுப்பு நேரத்துல மூணாம் வகுப்பு ஏன் வேலிகிட்ட நிக்குது?"

அவள் சொன்னாள். நடுவில் அவர் குறுக்கே பேசவே இல்லை.

"அந்தக் கிராஃபை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன் டீச்சர்."

"தெரியும் சார்."

"பசங்க பென்சிலால குத்தினதையெல்லாம் கணக்குன்னு எடுத்துக்கச் சொல்றீங்களா? ஒன்பது வாரம் எழுதினது பொய், குத்தினது மட்டும் நிஜமா?"

"எழுதினதுதான் பொய் சார். நான் தப்புன்னு போட்டதால எழுதினது."

"ஒரு நாள் மூடினா போதும், அப்புறம் திறக்க விட மாட்டாங்க. நூத்து இருபது பசங்க. தினம் ரெண்டு தடவை அந்த ரோட்டைத் தாண்டணும். உங்களுக்கு அந்த ரோடு தெரியாது. இது நிக்குதா விழுதான்னு யாருக்கும் தெரியாது. அந்த ரோடு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நான் போய் உக்கார்றேன். ஒன்னும் ஆகலேன்னா பசங்களைக் கூட்டிட்டு வாங்க."

"சார், வேண்டாம்."

அவர் கேட்கவில்லை. உள்ளே போய், முதல் பெஞ்சில், சுவர் ஓரத்தில், சுண்டெலி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு. முழங்கால் மேசையில் இடித்தது. டீச்சர் வாசலில் நின்றாள். உள்ளே போய் அவரை இழுக்கவும் தைரியம் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் மனம் இல்லை. வேலிப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிள்ளைகள் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் முதலில் நேராக, கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருமுறை தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். மறுபடி கரும்பலகை. எங்கோ உள்ளுக்குள் மணல் சரிவதுபோல மெல்லிய ஒலி கேட்டது, நின்றது. அவர் கையை மேசைமேல் வைத்தார், எடுத்தார். நெற்றி வேர்த்திருந்தது. உயிருக்குப் பயந்தவராகத் தெரியவில்லை. மூடாமல் விட்டால் ஒன்று, மூடினால் இன்னொன்று, இரண்டு பக்கமும் அவருக்குப் பிள்ளைகளின் முகம்தான் தெரிந்திருக்கவேண்டும்.

ஒரு கட்டத்தில் எழுந்து, மேசைமேல் கிடந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டு சுவரோரம் குனிந்தார். அளந்தார். ஸ்கேலைத் திருப்பி வைத்து அளந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அளந்தார். ஐந்தாவது முறை அளந்தபின் வெளியே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர்" என்றார். "என் கை ஆடுது டீச்சர். நீங்க ஒரு தடவை பாருங்க."

அவள் உள்ளே போய் அளந்தாள். அதேதான். ஒரு வாரம் முழுவதும் எடுத்துக்கொண்ட ஒரு மில்லிமீட்டரை இப்போது ஒரு மணி நேரத்துக்குள் சுவர் முடித்திருந்தது. அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மணியின் கயிற்றைப் பிடித்து விடாமல் அடித்தார். எல்லா வகுப்பும் வெளியே வந்தது. நூற்றுப் பத்தொன்பது தலைகளை அவரும் அவளும் தனித்தனியாக எண்ணி, இரண்டு எண்ணும் ஒத்துப்போகும்வரை யாரையும் நகரவிடவில்லை.

பொறியாளர் மதியம் வந்தார். டீச்சர் எழுதிக் கொடுத்த எட்டு எண்களைப் பார்த்தார், பிறகு குழிகளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கட்டடத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். அதிகாரி பெரிய சாலைக்கு அந்தப் பக்கப் பள்ளியில் இடம் ஒதுக்கும் உத்தரவை அன்றே எழுதினார். தலைமையாசிரியர் அதை வாங்கி, படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சுவர் அன்று விழவில்லை. மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் விழவில்லை. மூன்று நாளும் பெற்றோர் சிலர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு பென்சில் குத்துக்காகப் பள்ளியை மூடிவிட்டார்கள் என்று டீச்சர் காதுபடப் பேசினார்கள். சுவர் விழவேண்டும் என்று அவள் ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டாள். உடனே அப்படி வேண்டிக்கொண்டதற்காகப் பயந்தாள். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வகுப்பு நடக்கவேண்டிய நேரத்தில், அந்தச் சுவர் உட்பக்கமாகச் சரிந்தது. முதல் மூன்று பெஞ்சுகளும் பீரோவும் அதன் அடியில் போயின. கூரையின் பாதியும் வந்தது. உள்ளே யாரும் இல்லை.

விசாரணை நடந்தது. பொய்யான வரைபடம் மூன்றாம் வகுப்பில் தயாரானது என்று அறிக்கையில் எழுதினார்கள். அது உண்மைதான் என்று டீச்சரும் எழுதிக் கொடுத்தாள். அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தலைமையாசிரியர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். இரண்டு ஆண்டு, உடம்பு முடிகிறவரை, காலையும் மாலையும் பெரிய சாலையில் நின்று பிள்ளைகளைக் கை பிடித்துத் தாண்டவைத்தார். அந்த இரண்டு ஆண்டில் அங்கே யாருக்கும் அடிபடவில்லை. பிறகு அவர் தூக்கத்தில் இறந்துபோனார். ரேடியோ வளர்ந்து, இப்போது பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் அறிவிக்கும் வேலையில் இருக்கிறான். சுண்டெலி திருமணமாகி வேறு ஊரில் இரண்டு குழந்தைகளோடு இருக்கிறாள். அண்ணன் வீட்டை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போய்விட்டார்கள். டீச்சர் அண்ணியின் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிறாள். மறுபடி அவள் எந்தப் பள்ளியிலும் வேலை கேட்கவில்லை.